கருவறைப் பங்காளிகள்

அன்புள்ள சார்,

என் அக்காவுக்குப் போன மாதம் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. வீடு திருவிழா மாதிரி இருக்கிறது. கூடவே இரண்டு பஞ்சாயத்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பஞ்சாயத்து, யார் மூத்தவன் என்பது. நாலு நிமிட வித்தியாசம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தானின் பாட்டி அதை ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் உள்ளே போனவன் கடைசியில்தானே வெளியே வருவான், அதனால் பின்னால் பிறந்தவன்தான் மூத்தவன் என்கிறார். இரண்டாவது, ஜாதகம். ஜோசியர் ஒரே கட்டத்தை இரண்டு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு வாங்கிக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்து ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. அரிஸ்டாட்டில் இரட்டைக் குழந்தைகளை விகாரப் பிறவிகளோடு சேர்த்துப் பேசினார் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஓநாயிடம் பால் குடிக்கும் ரோமுலஸ், ரீமஸ் சிலையின் படம். ஒரு பக்கம் விகாரம் என்கிறார்கள், இன்னொரு பக்கம் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். அந்தக் கால கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் இரட்டையர் மேல் இருந்தது பயமா, பக்தியா? அவர்களுடைய டாக்டர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள்?

பெயர் போட வேண்டாம். அக்கா கோபித்துக்கொள்வாள்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

குழந்தைகள் இருவருக்கும் என் ஆசிகள்.

பயமா, பக்தியா என்று கேட்டால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அந்தக் கால மருத்துவ நூல்களையும் கதைகளையும் சிலைகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது வேறு. அவர்களை உறுத்தியது பங்கு. ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் இருவர் இருக்கிறார்கள். ஒரு கருப்பை, ஒரு அப்பா, ஒரு சிம்மாசனம், ஒரு பிறந்த நேரம். இதை எப்படி இரண்டாகப் பிரிப்பது? நம்மூரில் பங்காளி என்ற சொல்லுக்குள் உறவும் தகராறும் சேர்ந்தே குடியிருக்கின்றன இல்லையா, அப்படி.

அரிஸ்டாட்டில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டுரை சொன்னது பொய் இல்லை. விலங்குகளின் பிறப்பைப் பற்றி அவர் எழுதிய நூலில், விகாரப் பிறவிகளைப் பேசுகிற இடத்திலேயே இரட்டைப் பிரசவமும் வருகிறது. ஆனால் அவர் எழுதிய சொல் ‘டெராஸ்’. பெரும்பாலும் எப்படி நடக்குமோ அதிலிருந்து விலகிப்போன எதுவும் அவருக்கு டெராஸ்தான். பெற்றவர் ஜாடை இல்லாமல் பிறக்கிற பிள்ளையே ஒரு விதத்தில் டெராஸ் என்கிறார். அந்த விலகலின் முதல் படி எது தெரியுமா? ஆணுக்குப் பதில் பெண் பிறப்பது. ஆக, அவர் போட்ட வரிசையில் உங்கள் அக்கா பிள்ளைகளுக்கு முன்னாலேயே நீங்களும் உங்கள் அக்காவும் நிற்கிறீர்கள்.

அவர் சொல்லும் காரணத்தில் சாபமோ தெய்வக் குற்றமோ எதுவும் கிடையாது. சமையல்கட்டுக் கணக்குதான். பிள்ளை உண்டாவதற்கான பொருளைப் பெண் தருகிறாள். ஆணின் வித்து அதில் உறை ஊற்றுகிறது. கிரேக்கர்கள் பாலைத் திரைய வைக்க அத்திமரத்துப் பாலையும் பயன்படுத்தினார்கள். அதையே உதாரணமாகக் காட்டுகிறார். ஒரு பிள்ளைக்கு வேண்டியதற்கு மேல் பொருள் மிஞ்சியிருந்தால் அந்த மிச்சமும் உறைந்து இன்னொரு பிள்ளையாகிறது. மாவு மிஞ்சினால் இன்னொரு இட்லி, அவ்வளவுதான். ஆணும் பெண்ணுமாகப் பிறக்கும் இரட்டையர் பிழைப்பது அபூர்வம் என்றும் ஓரிடத்தில் சொல்கிறார். அந்தக் காலத்தில் எந்த இரட்டைக் குழந்தைகள் பிழைப்பதும் கடினமாகத்தான் இருந்திருக்கும்.

அரிஸ்டாட்டிலுக்கு முன்பே, கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களை எழுதிய மருத்துவர்கள் இதற்கு வேறு வழியில் விடை தேடியிருந்தார்கள். எனக்கு அவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். கருவில் பிள்ளை வளர்வதைப் பற்றி எழுதிய ஒருவர், கருப்பைக்குள் வளைந்து வளைந்து பல பைகள் இருக்கின்றன என்கிறார். ஒரே கூடலில் வந்த விந்து பிரிந்து இரண்டு பைகளில் விழுந்து, இரண்டு பையும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் இரட்டைப் பிள்ளை. சாட்சி வேண்டுமா? நாயைப் பாருங்கள், பன்றியைப் பாருங்கள். ஒரு தடவை சேர்ந்து இரண்டும் மூன்றும் அதற்கு மேலும் போடுகின்றன. ஒவ்வொரு குட்டியும் தனித்தனிப் பையில், தனித்தனிச் சவ்வுக்குள் இருக்கிறது, இதை நாங்களே கண்ணால் பார்க்கிறோம் என்கிறார். நாய் விஷயத்தில் அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. நாய்க்கும் பன்றிக்கும் கருப்பை இரண்டு நீண்ட கொம்புகளாகத்தான் பிரிந்திருக்கும், குட்டிகள் அதில் வரிசையாக இருக்கும். மனுஷிக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டதில்தான் சறுக்கினார். மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை.

உணவுமுறையைப் பற்றிய இன்னொரு நூல் இரட்டையர் ஏன் ஒரே ஜாடையில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு பதில் சொல்கிறது. அவர்கள் வளர்கிற இடங்கள் ஒரே மாதிரி, வித்தாக வெளிவந்தது ஒரே நேரம், தின்றது ஒரே உணவு, வெளிச்சத்துக்கு வந்ததும் ஒன்றாக. நான்கே காரணம், நான்கும் மண்ணில் நிற்கிறவை. ஒரு கரு இரண்டாகப் பிளப்பது, இரண்டு கரு தனித்தனியாக உண்டாவது என்ற வேறுபாடு அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. பாலூட்டிகளின் கருமுட்டையை முதன்முதலில் கண்ணால் பார்த்தது 1827இல், அதுவும் ஒரு நாயில்.

இடப்பக்கம், வலப்பக்கம் என்கிற நம்பிக்கையும் ஆழமாக ஊறியிருந்தது. கருப்பையின் வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவச் சூத்திரங்களில் ஒன்று, இரட்டைப் பிள்ளை சுமப்பவளின் ஒரு மார்பு வற்றினால் ஒரு பிள்ளை கலைந்துவிடும் என்கிறது. வல மார்பு வற்றினால் ஆண், இட மார்பு வற்றினால் பெண். இரண்டு மார்பு, இரண்டு பிள்ளை, ஆளுக்கு ஒன்று என்று உடம்பே முன்கூட்டிப் பங்கு போட்டு வைத்திருக்கிறது பாருங்கள்.

இங்கே சொல்லைப் பற்றியும் கொஞ்சம். இரட்டையருக்குக் கிரேக்கத்தில் ‘டிடிமோய்’ என்று பெயர். ஆணின் விரைகளுக்கும் அதே சொல்தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடலை அறுத்துப் பார்த்த ஹெரோஃபிலஸ், பெண்ணின் சூலகங்களைக் கண்டதும் அவற்றையும் டிடிமோய் என்றே எழுதினார். இந்தச் சொல் தமிழுக்கும் வந்திருக்கிறது. நம் விவிலியத்தில் ‘திதிமு என்னப்பட்ட தோமா’ என்று வாசித்திருப்பீர்கள். பரங்கிமலையோடும் சாந்தோமோடும் சேர்த்துச் சொல்லப்படுகிற அதே தோமாதான். அரமேயத்தில் தோமா என்றாலும் இரட்டையன், கிரேக்கத்தில் திதிமு என்றாலும் இரட்டையன். இரட்டையன் என்னப்பட்ட இரட்டையன்! யாரோடு பிறந்த இரட்டை என்று நற்செய்தி சொல்லவில்லை.

சரி, அடுத்த பங்கு கொஞ்சம் சங்கடமானது. அப்பா யார்?

கருவுற்ற பெண் மறுபடியும் கருவுற முடியும் என்று அந்தக் கால மருத்துவர்கள் நம்பினார்கள். அதற்கென்றே ஹிப்போகிரட்டீஸ் பெயரில் தனி நூல் ஒன்று இருக்கிறது. அரிஸ்டாட்டில் இதற்கு உதாரணமாகச் சொல்வது புராணத்து இரட்டையரான ஹெராக்ளிஸும் இஃபிக்ளிஸும். அல்க்மேனி என்ற பெண்ணிடம் அவள் புருஷன் ஆம்பிட்ரியோன் உருவத்திலேயே கடவுள்களின் அரசன் ஜீயஸ் வந்தான். அகலிகை கதை உங்களுக்கு ஞாபகம் வரும். அப்புறம் நிஜப் புருஷனும் வந்து சேர்ந்தான். பிறந்த இரண்டில் ஹெராக்ளிஸ் கடவுளின் பிள்ளை, இஃபிக்ளிஸ் மனிதனின் பிள்ளை. புராணத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சோரம்போன ஒருத்திக்குப் பிறந்த இரட்டையரில் ஒன்று புருஷன் ஜாடை, மற்றது கள்ளக்காதலன் ஜாடை என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். ரோமானிய எழுத்தாளர் பிளினி இதோடு இன்னொன்றும் சேர்க்கிறார். புரோகொன்னெசஸ் தீவில் ஒரு அடிமைப் பெண், ஒரே நாளில் எஜமானனோடும் அவன் காரியஸ்தனோடும் இருந்தாளாம். பிறந்தவர்கள் ஆளுக்கொரு ஜாடையாம். அவளுக்கு அதில் விருப்பம் இருந்ததா என்று பிளினி கேட்டுக்கொள்ளவில்லை. அடிமையிடம் அதையெல்லாம் யார் கேட்டார்கள்?

இந்த இடத்தில் அவர்கள் முழுக்கத் தப்பாகவும் போகவில்லை. ஒரே சுழற்சியில் இரண்டு கருமுட்டை வெளிவந்து, இரண்டு ஆண்களால் கருவுறுவது அரிதிலும் அரிதாக நடக்கிறது. டிஎன்ஏ சோதனை சில பிறப்புகளில் அதை உறுதிசெய்திருக்கிறது. ஆனால் அரிதாக நடப்பதை விதியாக எடுத்துக்கொண்டால் இரட்டைப் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கலாம்.

டிஎன்ஏ இல்லாத காலத்தில் ஆம்பிட்ரியோன் என்ன செய்தான் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. குழந்தை ஹெராக்ளிஸின் தொட்டிலில் பாம்புகளை விட்டவளாக ஜீயஸின் மனைவி ஹீராவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஃபெரெகிடீஸ் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் சொன்ன கதையில் பாம்பை விட்டவன் ஆம்பிட்ரியோனே. எவன் தன் பிள்ளை என்று தெரிய வேண்டும் அவனுக்கு. ஒருவன் பாம்பை எதிர்த்து நின்றான், மற்றவன் ஓடினான். ஓடியவன்தான் என் பிள்ளை என்று அப்பா தெரிந்துகொண்டார். இதைவிடக் கசப்பான ஒரு பரிசோதனை முடிவை நான் வாசித்ததில்லை.

பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் கி.மு. 480 வாக்கில் செய்த ஒரு மதுச்சாடி இருக்கிறது. அதில் இந்தக் காட்சியைத் தீட்டியிருக்கிறார்கள். ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள். ஒருவன் இரண்டு கையிலும் பாம்பை இறுக்கிக்கொண்டிருக்கிறான். மற்றவன் முதுகைக் காட்டிக்கொண்டு, தூக்கிக்கொள் என்று ஒரு பெண்ணிடம் இரண்டு கையையும் நீட்டுகிறான். வயது ஒன்று, உடம்பும் ஒன்று. ஓவியர் வித்தியாசத்தைக் கைகளில் மட்டும் வைத்திருக்கிறார். எனக்கு எப்போதும் கண் போவது அந்த நீட்டிய கைகள் மேல்தான். எந்தக் குழந்தையும் செய்வதைத்தான் அவனும் செய்கிறான்.

உங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்கு வருகிறேன். யார் மூத்தவன்? இதே கேள்வி ஒரு நாட்டின் அரசமைப்பையே மாற்றிய கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். ஸ்பார்ட்டாவின் அரசன் அரிஸ்டோடெமஸுக்கு இரட்டை ஆண் பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்த்த கொஞ்ச நாளில் அவன் நோயில் செத்துப்போனான். வழக்கப்படி மூத்தவனுக்குப் பட்டம் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே அளவு, ஒரே ஜாடை. அம்மா அர்கையாவிடம் போய்க் கேட்டார்கள். எனக்கே அடையாளம் தெரியவில்லை என்றாள். அவளுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு பேரும் ராஜாவாகட்டும் என்ற ஆசையில் சொல்லவில்லை. டெல்ஃபி கோயிலில் குறி கேட்டார்கள். இருவரையும் அரசராக்குங்கள், மூத்தவனுக்கு மரியாதை கூடுதலாகக் கொடுங்கள் என்று வாக்கு வந்தது. நல்ல வாக்கு, ஆனால் மூத்தவன் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே!

அப்போது பனிட்டிஸ் என்ற மெஸ்ஸீனியா நாட்டுக்காரன் யோசனை சொன்னான். அந்த அம்மாவைக் கவனியுங்கள், எதற்கு என்று அவளிடம் சொல்லாதீர்கள். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் எப்போதும் ஒரே பிள்ளைக்கு முதலில் நடந்தால் அவன்தான் மூத்தவன். மாறி மாறிச் செய்தால் அவளுக்கும் நிஜமாகவே தெரியாது என்று அர்த்தம். கவனித்தார்கள். ஒவ்வொரு முறையும் கை ஒரே குழந்தையிடம்தான் முதலில் போனது. வாயை அடக்கியவளால் கையை அடக்க முடியவில்லை. அந்தக் குழந்தை யூரிஸ்தெனிஸ், மற்றவன் புரோக்ளிஸ். இருவரும் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள், அவர்கள் வம்சங்களும் அப்படியே தொடர்ந்தன என்று ஹெரோடோட்டஸ் முடிக்கிறார். ஸ்பார்ட்டாவில் எப்போதும் இரண்டு அரசர்கள் இருந்ததற்கு ஸ்பார்ட்டாக்காரர்களே சொன்ன காரணம் இது. அக்மார்க் பங்காளிகள்.

ரோமில் அந்தச் சமரசம்கூட நடக்கவில்லை. புது ஊரை ரோமுலஸ் ஆள்வதா, ரீமஸ் ஆள்வதா என்று, இரட்டையர் என்பதால் வயதை வைத்து முடிவு செய்ய முடியவில்லை, அதனால்தான் பறவைச் சகுனம் பார்த்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ரீமஸுக்கு முதலில் ஆறு கழுகுகள் தெரிந்தன, பிறகு ரோமுலஸுக்குப் பன்னிரண்டு. முதலில் பார்த்தவன் பெரியவனா, கூடுதலாகப் பார்த்தவன் பெரியவனா? ரீமஸின் பிணத்தில்தான் அது முடிந்தது. நீங்கள் படத்தில் பார்த்த வெண்கல ஓநாயின் கீழே இருக்கும் குழந்தைகள் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்க்கப்பட்டவை. ஓநாயே இடைக்காலத்தில் வார்த்தது என்று அண்மைச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் கி.மு. 296இலேயே ஒகுல்னியஸ் சகோதரர்கள் ரோமில் ஓநாய்க்குக் கீழே குழந்தைகளை வைத்தது லிவியின் குறிப்பில் இருக்கிறது. கொஞ்ச காலம் கழித்து வந்த வெள்ளிக்காசிலும் ஓநாய் தலையைத் திருப்பிக் குழந்தைகளைப் பார்க்கிறது. செத்தவனையும் கொன்றவனையும் ஒரே மடியில் வைத்துக் காசில் அடித்த ஊர் அது.

சகுனம் என்று சொன்னால், இரட்டைப் பிள்ளை ரோமில் பெரிய அபசகுனமாக இருந்ததாகத் தெரியவில்லை. பிளினியின் கணக்கில் மூன்றுவரை ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால்தான் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். அகஸ்டஸ் ஆட்சியின் கடைசியில் ஒஸ்தியா துறைமுகத்தில் ஃபௌஸ்தா என்ற எளிய பெண் இரண்டு ஆணும் இரண்டு பெண்ணுமாக நான்கு பெற்றாள். பின்னால் வந்த பஞ்சத்தை இது முன்கூட்டிக் காட்டியது என்று எழுதி வைத்தார். நான்கு பிள்ளை பெற்ற அந்தப் பெண் பிழைத்தாளா என்பது எழுதத் தோன்றவில்லை.

அரச குடும்பத்தில் என்றால் நிலைமையே வேறு. கி.பி. 19இல் பேரரசர் டைபீரியஸின் மகன் துரூசஸுக்கு இரட்டை ஆண் பிள்ளைகள் பிறந்தபோது, இந்தத் தகுதியுள்ள ரோமானியர் எவருக்கும் இது வாய்த்ததில்லை என்று தாத்தா செனட்டில் பெருமையடித்தார். கி.பி. 22–23இல் ஒரு பித்தளைக் காசும் வந்தது. ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டு வளக்கொம்புகள், பழம் நிரம்பி வழிய வேண்டிய வாயில் ஆளுக்கொரு குழந்தைத் தலை, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி. அழகான காசு. ஆனால் கி.பி. 23இல் அப்பாவும் இரட்டையரில் ஒருவனும் செத்துப்போனார்கள். மிஞ்சியவனை வரலாறு டைபீரியஸ் கெமெல்லஸ் என்கிறது; கெமெல்லஸ் என்றால் இரட்டையன். கூடப் பிறந்தவன் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பிறகு அம்மாவின் நடத்தையைப் பற்றிப் பேச்சு கிளம்பியதும், செனட்டில் பெருமையடித்த அதே தாத்தா இவன் சோரத்தில் பிறந்தவன் என்று ஒதுக்கினார். தாத்தா செத்துக் கொஞ்ச காலத்திலேயே அடுத்த பேரரசன் கலிகுலா இவனையும் முடித்துவிட்டான்.

கலையில் கடவுள், அரசர் இல்லாத இரட்டையரைத் தேடினால் அதிகம் கிடைக்காது. எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிசிலித் தீவில் மெகாரா ஹிப்லேயா என்ற கிரேக்க ஊரின் இடுகாட்டில் கிடைத்த சுண்ணாம்புக்கல் சிலை, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இப்போது சிராகூஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலை இல்லை, உடைந்து போயிற்று. தடித்த உடம்பு, மேலாடையை விரித்து இரண்டு கையாலும் இரண்டு குழந்தைகளை அணைத்திருக்கிறாள். ஆளுக்கொரு மார்பு, இரண்டும் குடிக்கின்றன. இது இரவு என்னும் பெண் தெய்வம் என்றும், பிள்ளைகள் உறக்கமும் சாவும் என்றும் சொல்கிறவர்கள் உண்டு. கிரேக்கக் கவி ஹோமரின் பாடலில் உறக்கமும் சாவும் இரட்டையர். ஒலிம்பியாவில் இருந்த ஒரு பழைய பேழையில் இரவு அந்த இரண்டு பிள்ளைகளையும் கையில் வைத்திருந்ததாகப் பவுசானியஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதியிருக்கிறார். இருக்கலாம். எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. இரட்டைப் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் பால் கொடுத்தவர்களுக்கு அந்த அகன்ற முழங்கை எதற்கு என்று தெரியும்.

பங்கு தகராறில்லாமல் நடக்கிற கலையும் உண்டு. ஹோமரின் இலியத்தில் கிழவர் நெஸ்டர் தன் வாலிப வெற்றிகளையெல்லாம் அடுக்கிக்கொண்டே வந்து, தேர்ப்பந்தயத்தில் மட்டும் தோற்றேன் என்கிறார். ஆக்டோரின் பிள்ளைகள் இரட்டையர். ஒருவன் கடிவாளம், ஒருவன் சாட்டை, நான் என்ன செய்ய முடியும்? பிற்காலக் கதைகள் இவர்களை உடல் ஒட்டிப் பிறந்தவர்களாக ஆக்கின. கி.மு. 8ஆம் நூற்றாண்டுப் பானைகளில் ஒரே உடம்பு, இரண்டு தலை, நான்கு கை, நான்கு காலோடு ஒரு வீரன் வருவதை இவர்கள்தான் என்று பலர் சொல்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவரை அந்தக் கால ஓவியர் அப்படித்தான் போடுவார் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி ஜோசியர். உங்கள் ஜோசியர் மாட்டிக்கொண்ட இடத்தில்தான் ரோமானிய ஜோசியர்களும் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு சகோதரர்கள் ஒரே நேரத்தில் நோயில் விழுந்தார்கள். ஒரே நேரத்தில் முற்றியது, ஒரே நேரத்தில் தணிந்தது. இவர்கள் இரட்டையராக இருக்க வேண்டும் என்று ஹிப்போகிரட்டீஸ் ஊகித்ததாக ரோமானிய அறிஞர் சிசரோ சொன்னதைக் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் எடுத்து எழுதுகிறார். சோதிடத்தில் ஊறிய பொசிடோனியஸ், ஒரே நட்சத்திரம் என்பதுதான் காரணம் என்றார். அகஸ்டின் மருத்துவர் பக்கம் நிற்கிறார். பெற்றவர்கள் ஒன்று, வீடு ஒன்று, சோறு ஒன்று, காற்றும் தண்ணீரும் ஒன்று. இதற்கு நட்சத்திரம் எதற்கு? ஒரே நட்சத்திரம் என்றால் இரட்டையர் வாழ்க்கை இவ்வளவு வேறாகப் போவது ஏன்?

இதற்கு நிகிடியஸ் என்பவர் கெட்டிக்காரத்தனமான ஒரு பதில் வைத்திருந்தார். குயவர் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, ஒரே இடத்தில் தொடுவது போல மையால் சட்சட்டென்று இரண்டு முறை தொட்டார். சக்கரம் நின்றதும் பார்த்தால் இரண்டு புள்ளிக்கும் நடுவே நல்ல தூரம். வானம் அதைவிட வேகமாகச் சுற்றுகிறது, உங்கள் இரட்டையருக்கு நடுவே உள்ள நொடிகள் அங்கே பெரிய இடைவெளி என்றார். அவருக்குக் குயவன் என்று பொருள்படும் ஃபிகுலஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இதனால்தானாம். அகஸ்டின் விடவில்லை. அந்தச் சக்கரத்தில் செய்கிற பானையைவிட இந்த வாதம் சீக்கிரம் உடையும் என்றார். நொடி வித்தியாசத்தில் விதி மாறுமென்றால், அந்த நொடியைப் பிடிக்க முடியாத நீ யாருக்கு எதைக் கணிக்கிறாய்?

அரண்மனையிலேயே இதற்கு ஒரு சோதனை நடந்தது. கி.பி. 161 ஆகஸ்ட் 31 அன்று பேரரசர் மார்கஸ் ஆரேலியஸின் மனைவி ஃபாஸ்டினா இரட்டை ஆண் பிள்ளை பெற்றாள். காலத்தின் பேறு என்று எழுதி, ஆசனத்தில் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்துக் காசு அடித்தார்கள். இருவருக்கும் ஒரே யோகம் என்று சோதிடர்கள் வாக்குக் கொடுத்தார்கள். ஒருவன் நாலு வயதில் செத்தான். மற்றவன் கொமோடஸ், பேரரசனாகி, கடைசியில் கொலையுண்டது கி.பி. 192இன் கடைசி நாளில். ஆக, உங்கள் ஜோசியர் ஒரே கட்டத்துக்கு இரண்டு கட்டணம் வாங்கியது நியாயமா என்றால், நிகிடியஸ் கட்சிப்படி அவர் இரண்டு கட்டம் போட்டிருக்க வேண்டும், அகஸ்டின் கட்சிப்படி காசையே திருப்பித் தர வேண்டும்.

காசு என்றதும் டொரேனியஸ் ஞாபகம் வருகிறது. இவன் அடிமை வியாபாரி. ரோமானியத் தளபதி மார்க் ஆன்டனிக்கு இரண்டு அழகான பையன்களை இரட்டையர் என்று சொல்லி இரண்டு லட்சம் செஸ்டர்ஸ் காசுக்கு விற்றான். வாயைத் திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. ஒருவன் ஆசியாவில் பிறந்தவன், மற்றவன் ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம். ஆன்டனி கொதித்தார். டொரேனியஸ் அசரவில்லை. ஐயா, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே மாதிரி இருப்பதில் என்ன அதிசயம்? வெவ்வேறு நாட்டில் பிறந்தவர்கள் இப்படி இருப்பதற்குத்தானே இந்த விலை என்றான். ஆன்டனி சமாதானமானது மட்டுமில்லை, தன் உடைமைகளிலேயே இதுதான் உசத்தி என்று நினைக்க ஆரம்பித்துவிட்டாராம். பிளினி இதை ஒரு சாமர்த்தியக் கதையாகச் சொல்கிறார். வீட்டைவிட்டுப் பிடித்து வரப்பட்ட இரண்டு பையன்கள் அங்கே நின்றிருந்தார்கள், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியாக, கோயில். நீங்கள் கும்பிட்டார்கள் என்று கேட்டது இரட்டைத் தெய்வங்களான காஸ்டரையும் பொல்லக்ஸையும் மனதில் வைத்துத்தான் இருக்கும். லீடா என்ற பெண் முட்டையிட்டுப் பிறந்தவர்கள் என்று கதை. ஸ்பார்ட்டாவின் ஒரு கோயிலில் நாடாக்களால் கட்டி ஒரு முட்டை கூரையிலிருந்து தொங்கியதாம், லீடாவின் முட்டை அதுதான் என்று காட்டுவார்களாம். சிற்பங்களில் அவர்கள் தலையில் முட்டை ஓட்டின் பாதி மாதிரி ஒரு குல்லாய் இருக்கும். இருவரில் பொல்லக்ஸ் ஜீயஸின் பிள்ளை, சாவில்லாதவன். காஸ்டர் மனிதனுக்குப் பிறந்தவன், சாகிறவன். காஸ்டர் குத்துப்பட்டு விழுந்தபோது பொல்லக்ஸ் ஜீயஸிடம் போய், என் சாகாவரத்தில் பாதியை இவனுக்குக் கொடு என்றான். அதிலிருந்து இருவரும் முறைபோட்டு வாழ்கிறார்கள், ஒரு நாள் உயிர், ஒரு நாள் சாவு. இத்தனை கதைகளில் பாகப்பிரிவினை ஒழுங்காக நடந்தது இது ஒன்றில்தான்.

ரோமின் பொதுமன்றத்தில் இவர்களுக்குக் கி.மு. 484இல் கோயில் எழுப்பினார்கள். பின்னால் புதுப்பித்துக் கட்டியதன் மூன்று தூண்கள் இன்றும் நிற்கின்றன. அந்தக் கோயிலை ஊர் எப்படிக் கூப்பிட்டது தெரியுமா? காஸ்டர் கோயில். பாதி உயிரைக் கொடுத்தவன் பெயர் காணவில்லை. ஜூலியஸ் சீசரும் அவரோடு பதவியில் இருந்த பிபுலஸும் சேர்ந்து செலவழித்து நடத்திய விழாக்களுக்கு ஊர் சீசரை மட்டும் புகழ்ந்தபோது, பொல்லக்ஸுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது என்று பிபுலஸ் புலம்பினாராம்.

உங்கள் அக்காவுக்கு ஒரு யோசனை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தால், ஒரு நாள் இவனை முதலில் குளிப்பாட்டச் சொல்லுங்கள், மறுநாள் அவனை.

அன்புடன்.